வைரவர் கோயிலடியால் வரும் ஆறு பேர்

உரும்பிராயில் வித்தியாவின் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் பிடிபடாது. 'கொம்பியூட்டர்ப் பிள்ளை' என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். யாழ்ப்பாண ரவுணிலும் அதைச் சுற்றியும் இருக்கிற மருந்துக்கடைகளில் பில் போடுகிற கொம்பியூட்டர் படுத்துவிட்டால் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். ஸ்கூட்டியில் போவாள், திருத்துவாள், தேத்தண்ணியைக் குடித்தும் குடிக்காமலும் வந்துவிடுவாள். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் அவளுடைய போனில் சார்ஜ் இறங்கிவிடும்.

பயந்த பிறவி. சும்மா சொல்லவில்லை, நாய்க்குப் பயம், தெரியாத நம்பருக்குப் பயம், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்று எஞ்சினை நிறுத்தினால் அதற்கும் பயம். தாய் பராசக்தி அவளை வயிற்றில் சுமந்துகொண்டுதான் தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து போனாள். "நான் பட்ட பயம் முழுக்க இவளுக்கு இறங்கிட்டுது" என்று பராசக்தியே ஆட்களிடம் சொல்லுவாள், ஏதோ தன்னுடைய மூக்கு மகளுக்கு வந்திருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி.

இப்படிப்பட்டவள் ஒரு வீட்டையே நடுங்க வைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் வைத்தாள்.

கம்பஸில் படிக்கிற காலத்தில் அவர்கள் மூன்று பேர், வித்தியா, சாருஜா, ஜெயரூபன், மேசையைச் சுற்றியிருந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவர் கதை சொல்லி. "காடு, பொழுதுபடுது, புலி ஒண்டு நிக்குது, என்ன செய்யிறியள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் காவற்காரன். நான் வெட்டுறன், நான் ஓடுறன் என்று தங்கள் ஆளுக்காக முடிவெடுப்பார்கள். வெட்டு விழுந்ததா தவறியதா என்பதை இருபது பக்கமுள்ள ஒரு தாயக்கட்டை சொல்லும். கதை சொல்லுவது எப்போதும் வித்தியாதான். நேரிலே நாய்க்குப் பயந்தவள் மேசையில் புலியை அவிழ்த்து விடுவாள். ஜெயரூபன் எப்போதும் காவற்காரன். யோசிக்கவே மாட்டான், கதவு திறந்தால் வெட்டுவான்.

பிறகு வழமையான கதை. சாருஜா லண்டனுக்குக் கலியாணம் கட்டிப் போனாள். ஜெயரூபன் பட்டத்தைச் சுவரில் கொழுவிவிட்டு மயிலிட்டியில் தகப்பனுடைய வள்ளத்தில் ஏறினான். வித்தியாவுக்கு மேசை இல்லாமல் போய்விட்டது.

தூர இருந்து இந்த விளையாட்டை விளையாட வெளிநாட்டுக்காரர் செய்த மென்பொருட்கள் இல்லாமல் இல்லை. எல்லாம் ஆங்கிலம், எல்லாவற்றுக்கும் ஓயாத இன்டர்நெட் வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் குந்தியிருக்க வேண்டும். லண்டனில் வேலை முடிகிற நேரம் மயிலிட்டியில் வள்ளம் கடலில். வித்தியா தானே ஒன்றைச் செய்ய வெளிக்கிட்டாள். இரண்டு வருடம், வேலை முடிந்து வந்த பின்னேரமெல்லாம் அதற்கே போனது. "அந்தத் தாயக்கட்டையைக் கட்டிக்கொண்டு அழு" என்று பராசக்தி ஏசினாள்.

செய்து முடித்தபோது, உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல வடிவாகத்தான் இருந்தது. அரக்கரும் பனிமலையும் இல்லை. ஓர் ஒழுங்கை, அந்தச் சந்தின் முகப்பில் வைரவர் கோயில், பக்கத்தில் நாலு வீட்டுக்கும் பொதுவான பங்குக்கிணறு, பனங்கூடல், கடைசியில் வாசலுக்குச் சிவப்புப் படலை போட்ட வீடு. அந்தப் படத்தை அவளே கீறினாள். ஊருக்குள் வாள்காரர் வருகிறார்கள், காவற்காரன் காக்க வேண்டும், அதுதான் கதை. விளையாட்டின் நாளும் நிஜ நாளும் ஒன்று. இங்கே செவ்வாய் என்றால் அங்கேயும் செவ்வாய், ஓர் ஆள் ஒரு நாளுக்கு ஒரு முறைதான் ஆடலாம். ஜெயரூபனுடைய போனுக்குக் கடலில் இன்டர்நெட் கிடையாது, ஆகையால் அவனுக்கு மட்டும் எஸ்எம்எஸ். பழைய போன் ஒன்றில் உள்ளூர் சிம்மைப் போட்டு, சத்தத்தை நிறுத்தி, புத்தகத் தட்டில் வைத்தாள். அது தானாக அனுப்பும், தானாகப் பதிலை வாங்கும். 1 வெட்டு, 2 ஒளித்துக்கொள், 3 ஓடு. சாருஜா அடிக்கிற பகிடிகளையும் அது அவனுக்கு அனுப்பிவிடும். ஜெயரூபனுடைய நம்பரைக் கம்பஸ் காலத்து வாட்ஸப் குழுவிலிருந்து எடுத்துப் போட்டாள். அவனைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, ஜெயரூபனுடைய நம்பர்தானே!

விளையாட்டுத் தொடங்கியதும் ஒரு புதினம் நடந்தது. முந்திக்கொண்டு வெட்டுகிற ஜெயரூபன் இந்த முறை ஒளித்தான். முதல் நாள் ஒளித்தான், அடுத்த நாளும் ஒளித்தான். ஒவ்வொரு நாளும் பொழுதுபடுகிற நேரம் அவனிடமிருந்து 2 வரும். "கலியாணம் பேசுகினம் போல, ஆளுக்கு உயிரிலை ஆசை வந்திட்டுது" என்று சாருஜா சிரித்தாள். "எத்தினை நாளைக்கு ஒளிப்பாய்? வெளியாலை வா, பாப்பம்" என்று அவனுக்கு எழுதியும் விட்டாள். அடுத்த நாளும் 2 வந்தது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஜெயரூபன் பராசக்திக்கு விளைமீன் கொண்டுவந்தான். மீனைக் குசினியில் கொடுத்துவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டு விறாந்தையில் இருந்தான்.

"என்ன, ஒளிச்சிருந்த ஆள் வெளியாலை வந்திட்டாரோ?" என்றாள் வித்தியா.

"ஆர் ஒளிச்சது? என்னை விட்டிட்டு நீங்கள் ரெண்டு பேரும் விளையாடுறியள். இப்ப பகிடி வேறையோ?"

"நீதானேயடா ஒவ்வொரு நாளும் ரெண்டு அனுப்பிறாய்!"

"என்ன ரெண்டு? எனக்குத் தொடங்கின நாளிலையிருந்து ஒரு மெசேச்சும் வரேல்லை."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நான் ஏன் கேக்க? என்னைச் சேர்க்க விருப்பமெண்டால் நீங்கள் கூப்பிட்டிருப்பியள்தானே" என்றான் அவன்.

பாருங்கள் எங்கள் ஆட்களின் இலட்சணத்தை. அவள் கேட்கவில்லை, தெரியும் என்று நினைத்தாள். அவன் கேட்கவில்லை, கேட்டால் குறைவு என்று நினைத்தான். வித்தியா நம்பரை வாசித்துக் காட்டினாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அந்தச் சிம் போன வருசம் போனோடை கடலுக்குள்ளை போயிட்டுது. அந்த நம்பரை இப்ப வேறை ஆருக்கும் குடுத்திருப்பாங்கள்."

அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் பொழுதுபடுகிற நேரம் ஒளிந்துகொண்டிருந்தது யார்?

1, 2, 3 தவிர வேறு ஏதாவது பதில் வந்தால் மென்பொருள் அதை ஒரு மூலையில் ஒதுக்கிவைக்கும். வித்தியா அந்த மூலையை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தாள்.

'நீங்கள் ஆர்?' என்று முதலாவது கிடந்தது. மென்பொருள் பதில் அனுப்பியிருந்தது: 'விளங்கவில்லை. 1 வெட்டு. 2 ஒளித்துக்கொள். 3 ஓடு.'

'நம்பர் மாறி அனுப்பிறியள் போல. நாங்கள் ஒருத்தற்றை சோலிக்கும் போறேல்லை.' அதற்கும், 'விளங்கவில்லை.'

'தம்பியவை, ஆம்பிளை செத்த வீடு இது. என்ரை மகன் நல்ல பிள்ளை. அவன் ஆருக்கு என்ன செய்தவன்?' விளங்கவில்லை.

அதன் பிறகுதான் 2 என்று வந்திருந்தது. மென்பொருள் அதற்குச் சொன்ன பதில்: 'நீ ஒளித்துக்கொண்டாய். ஒருவரும் உன்னைக் காணவில்லை.' அன்றிரவு உண்மையாகவே ஒருவரும் வரவில்லை. ஆகவே அந்த மனிசி அடுத்த நாளும் 2 அனுப்பியிருக்கிறாள். வேறு என்ன செய்வாள் பாவம்?

கடைசியாகத் தான் எழுதிய கதையை வித்தியா வாசித்தாள். 'வெள்ளிக்கிழமை பொழுதுபடும்போது வைரவர் கோயிலடியால் ஆறு பேர் வருவார்கள். கையில் வாள். சிவப்புப் படலை எது என்று அவர்களுக்குத் தெரியும்.' வைரவர் கோயிலும் பங்குக்கிணறும் இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? வாள்வெட்டுச் செய்தி இல்லாத பேப்பர்தான் எங்கே இருக்கிறது? அதற்கு வந்திருந்த பதிலை வாசிக்க அவளுக்குக் கண் தெரியவில்லை. ஜெயரூபன் வாசித்தான்.

'வெள்ளிக்கிழமை காலமை கீரிமலையிலை என்ரை மனிசனுக்கு அந்தியேட்டிக் கிரியை. அது முடியுமட்டும் எண்டாலும் பொறுங்கோ. உங்களுக்கும் தாய் தேப்பன் இருப்பினம்தானே.'

விளங்கவில்லை, என்று சொல்லியிருந்தது மென்பொருள்.

தட்டிலிருந்த போனை எடுத்துப் பார்த்தால் எடுபடாத அழைப்புகள் நிறையக் கிடந்தன. சத்தம் நிறுத்தின போன், யாருக்குக் கேட்கும்? வித்தியா அந்த நம்பருக்கு எடுத்தாள். அடித்தது. யாரோ எடுத்தார்கள், மூச்சு மட்டும் கேட்டது. "அம்மா" என்று அவள் தொடங்க முன்னம் வைத்துவிட்டார்கள். அழுதழுது எழுதி அனுப்பினாள்: 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிழையான நம்பர். இது வெறும் விளையாட்டு.'

பதில் உடனே வந்தது. 'உங்களுக்கு விளையாட்டு. எங்களுக்கு உயிர்.' அதன் பிறகு அந்தப் பக்கத்துப் போன் நிறுத்தப்பட்டுவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வளவிலிருந்து தாய்மாமன் கனகரத்தினம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் படலையைப் பூட்டினார். முதலில் பூட்டு, பிறகுதான் கதை.

"சிம்மை முறிச்சுக் கிணத்துக்குள்ளை போடு. நீயும் அனுப்பேல்லை, அதுவும் இல்லை. பொலிசுக்குத் தெரிஞ்சால் உன்னைத்தான் கொண்டுபோவாங்கள். கொம்பியூட்டர் விளையாட்டெண்டு சொன்னால் ஆர் பிள்ளை நம்புவான்?"

வித்தியா சிம்மைக் கழற்றிவிட்டாள். நகத்தளவு சாமான். முறித்தால் ஒரு சத்தமும் கேட்காது. மாமா சொல்லுவதுதான் சரி என்று அவளுக்குப் பட்டது. பொலிசு, கோட்டு வழக்கு, பேப்பரில் பெயர், எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. முறித்திருப்பாள், ஜெயரூபன் வாயைத் திறந்திராவிட்டால்.

"மகன் இருக்கிறான் எண்டு எழுதியிருக்கு. அவன் நாளைக்குச் சும்மா இருப்பானே? நாலு பெடியளைச் சேர்த்துக்கொண்டு ஒழுங்கை முகப்பிலை நிப்பான். பொழுதுபட்ட நேரம் ஆராவது மோட்டச்சைக்கிளிலை வந்தால், பால் குடுக்கிறவன் எண்டாலும் சரி, வெட்டுவான்."

வெட்டுப்படப் போகிறவன் யாரோ ஒருத்தன். இன்றைக்கு எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வித்தியாவுக்கு அவனுடைய முகம் தெரியாது, அதுதான் அவளை இன்னும் நடுங்க வைத்தது. சிம்மைத் திரும்பப் போட்டாள். எந்த ஊர், எந்த வீடு ஒன்றும் தெரியாது. கீரிமலைக் கடற்கரையில் கிரியை என்பது மட்டும்தான் தெரியும்.

வெள்ளி காலமை ஸ்கூட்டியில் கீரிமலைக்கு வெளிக்கிட்டாள். ஜெயரூபன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். "நீ கிட்ட வராதை. மோட்டச்சைக்கிளைக் கண்டால் அதுகள் பயந்திடுங்கள்" என்று அவனைக் கோயில் வீதியிலேயே நிற்கச் சொல்லிவிட்டாள்.

அந்தியேட்டி மடத்தில் அன்றைக்கு ஒரு குடும்பம் என்றில்லை. இங்கே ஒரு குருக்கள் கிரியை செய்கிறார், அங்கே இன்னொருவர். மொட்டை அடித்த ஆண்கள், வெள்ளைச் சீலை கட்டிய பெண்கள், எல்லார் முகத்திலும் ஒரே களை. இதில் யாரிடம் போய், அம்மா உங்களை வெட்டுவோம் என்று சொன்னது நான்தான் என்று சொல்லுவது?

ஒரே ஒரு வழிதான் இருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. கைப்பையிலிருந்து அந்தப் பழைய போனை எடுத்து நம்பரை அமத்தினாள். இன்றைக்கு இனசனம் வழி கேட்டு எடுக்கும், போனைத் திறந்துதான் வைத்திருப்பார்கள். யார் பயப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கடற்படியில் இருந்த ஒரு மனிசியின் மடியில் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு படியோடு படியாகக் குனிந்துவிட்டாள். ஒரு மனிசப்பிறவி அப்படிச் சுருண்டதை வித்தியா வாழ்நாளில் கண்டதில்லை. தான் இத்தனை நாளும் செய்தது இதைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பக்கத்தில் நின்ற மகன் சுற்றிவரப் பார்த்தான். தகப்பனுடைய சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த ஈரவேட்டி, மழித்த தலை, விரலில் தர்ப்பை இன்னும் கழற்றவில்லை. போனைக் காதில் வைத்தபடி நின்ற வித்தியாவை அவன் கண்டுவிட்டான்.

"நிருஷன், நில்லடா" என்று யாரோ கத்தினார்கள். அவன் நிற்கவில்லை. கூட மூன்று பெடியள். ஒருத்தன் வெளியில் நின்ற வான் வண்டிக்கு ஓடினான். நிருஷன் வித்தியாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஆரடி உன்னை அனுப்பினது? எங்கை நிக்கிறாங்கள்?"

"அண்ணை, நான்தான். ஒருத்தரும் இல்லை. அது விளையாட்டு. இஞ்சை பாருங்கோ" என்று தன்னுடைய போனில் விளையாட்டைத் திறந்து காட்டினாள். இவளைப் போல் மொக்குத்தனம் வேறு யாரும் செய்வார்களா? திரையில் படம் வந்தது. வைரவர் கோயில், பங்குக்கிணறு, பனங்கூடல், சிவப்புப் படலை.

நிருஷனுடைய முகம் வெளிறிவிட்டது. "எங்கடை ஒழுங்கையடா! வீடு வரைக்கும் கீறி வைச்சிருக்கிறாள்!"

வானுக்கு ஓடினவன் சாக்கில் சுற்றிய ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். அது என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் பார்த்து ஜெயரூபன், பொறுக்கமாட்டாமல், மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். "அந்தா வந்திட்டாங்கள்!" என்று ஒரு குரல். சாக்கு அவிழ்ந்து வாள் நிருஷனுடைய கைக்கு வந்தது. மேசையில் எத்தனை பேரை வெட்டியவன், ஜெயரூபன் நிஜ வாளைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை விழவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான்.

"அம்மா!" என்று வித்தியா குளறினாள். மகனைப் பார்த்தல்ல, படியில் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து. "அம்மா, உங்கடை போனிலை ரெண்டை அமத்துங்கோ! ஒருக்கா அமத்துங்கோ! நான் தொடமாட்டன்!" பழைய போனைப் படியிலே வைத்துவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

அந்த மனிசிக்குப் பெயர் நாகேஸ்வரி. ஏழாலையில் தோட்டம் செய்கிற குடும்பம். அவள் தலைப்பை விலக்கி இவளைப் பார்த்தாள். பழக்கப்பட்ட விரல் 2ஐ அமத்தியது. படியில் கிடந்த போன் ஒருவரும் தொடாமல் தானாக மின்னியது. நாகேஸ்வரியின் கையில் பதில் வந்தது. 'நீ ஒளித்துக்கொண்டாய். ஒருவரும் உன்னைக் காணவில்லை.'

"ஆர் இதை எழுதினது?" என்று கேட்டாள்.

"மெசின் அம்மா. நான் ஒருக்கா எழுதி வைச்சது. அதுக்கு ஒண்டும் விளங்காது."

"அப்ப இவ்வளவு நாளும் நான் மன்றாடினது மெசினிட்டையோ?"

வித்தியா ஓம் என்று தலையை ஆட்டினாள்.

நாகேஸ்வரி போனை உற்றுப் பார்த்தாள். பிறகு, "ஒண்டை அமத்தினால் என்ன நடக்கும்?" என்றாள்.

"வெட்டும்."

"அந்த ஆறு பேரையுமோ?"

ஒரு நாளுக்கு ஒரு முறை என்ற கட்டை வித்தியா அங்கேயே தன்னுடைய போனில் கழற்றினாள். நாகேஸ்வரி 1ஐ அமத்தினாள். 'ஒருவன் விழுந்தான்.' திரும்ப அமத்தினாள். 'உன் வெட்டுத் தவறியது. உனக்குக் காயம்.' பல்லைக் கடித்துக்கொண்டு அமத்தினாள். இரண்டாமவன் விழுந்தான், மூன்றாமவன் விழுந்தான். கண்ணீர் ஓடுகிறது, அவள் துடைக்கவில்லை. "எளியதுகள்! அறுந்துபோவாங்கள்! செத்த வீட்டுக்கோடா வாறியள்?" என்று திரையைப் பார்த்து ஏசினாள். மடத்தில் நின்ற சனம் முழுக்க வந்து சுற்றி நின்றது. குருக்களும் எட்டிப் பார்த்தார்.

வித்தியாவுக்கு இப்போது வேறொரு பயம் பிடித்தது. அவளுடைய தாயக்கட்டை ஒருவர் பக்கமும் சாயாது. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. நாகேஸ்வரிக்கு இரண்டாவது காயமும் பட்டுவிட்டது. இன்னும் ஒன்று பட்டால் மென்பொருள் 'நீ இறந்தாய்' என்று அனுப்பும். புருசனுடைய அந்தியேட்டியன்று, இந்த மனிசிக்கு, இந்தச் சனத்துக்கு முன்னால்! ஐந்து பேர் முடிந்து கடைசி ஆள் ஒருத்தன் மிச்சம். கீரிமலை நகுலேஸ்வரா என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

போன் மின்னியது. நாகேஸ்வரி சத்தமாக வாசித்தாள். "கடைசி ஆளும் விழுந்தான். ஊர் தப்பியது."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு மகனைப் பார்த்தாள். "அதைக் கொண்டுபோய்க் கடலிலை போடு."

"என்னத்தை?"

"சாக்குக்குள்ளை கொண்டுவந்ததைத்தான். வானுக்குள்ளை வாழையிலைக்குக் கீழை கிடந்தது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

"அம்மா, நிசமா ஆரும் வந்தால்?"

"ஆர் வாறது? ஆறு பேரையும் இப்பதானே வெட்டிப்போட்டன்."

நிருஷன் நின்றான். வாளைப் பிடித்த கை இறங்கவில்லை. ஜெயரூபனுடைய கையும் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது. பிறகு நிருஷன் பாறையில் ஏறி, கொஞ்சம் முன்னர் தகப்பனைக் கரைத்த தண்ணீருக்கு அப்பால், எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தான். வரும்போது அழுதுகொண்டு வந்தான்.

நாகேஸ்வரி வித்தியாவிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்து இவள் கண்ணை மூடினாள். அவள் அடிக்கவில்லை.

"உன்னை நான் மன்னிக்கேல்லை பிள்ளை. அதைச் சொல்லிப்போட்டுப் போறன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து வித்தியா காய்ச்சல்காரி மாதிரிப் படுத்தாள். எழும்பி எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், அந்த நம்பரை முதலில் எடுக்க வேண்டும் என்று இருந்தாள். பொழுதுபட்டது. பராசக்தி விளக்குக் கொளுத்தினாள். தட்டிலிருந்த பழைய போன் மின்னியது.

2.

மென்பொருள் தன் பாட்டில் பதிலை அனுப்பிவிட்டது. வித்தியா உடனே அந்த நம்பருக்கு எடுத்தாள். "அம்மா! என்ன நடந்தது? ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை பிள்ளை." குரல் மெல்லியதாக வந்தது. "விளக்குக் கொளுத்தினவுடனை நெஞ்சு இடிக்கத் தொடங்கீட்டுது. அந்தப் பதில் வந்தால்தான் கதவைச் சாத்தலாம் போலை கிடக்கு."

"அது மெசின் அம்மா."

"தெரியும். இருந்தாலும் வரட்டும்."

இது நடந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. விளையாட்டிலிருந்து வாளை எடுத்துவிட்டாள் வித்தியா. சாருஜாவும் ஜெயரூபனும் இப்போது விளையாட்டில் கப்பல் ஓட்டுகிறார்கள், புது நம்பர் கேட்டு எழுதி, அடித்துப் பார்த்து உறுதிப்படுத்தின பிறகுதான் ஜெயரூபனைச் சேர்த்தாள். ஆனால் அந்தப் பழைய ஒழுங்கையை அழிக்கவில்லை. அங்கே ஆறு பேரும் இல்லை, கதையும் இல்லை, ஓர் ஆள் மட்டும் ஒவ்வொரு நாளும் பொழுதுபட ஒளித்துக்கொள்கிறாள். வித்தியா எந்த மருந்துக்கடையில் எந்த வேலையில் நின்றாலும் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள். போனில் சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பாள். முன்னர் அவளுக்கு நாய்க்குப் பயம், நம்பருக்குப் பயம். இப்போது கரண்ட் நிற்குமோ என்று பயம்.

போன கிழமை நின்றுவிட்டது. மழை, சிக்னலும் இல்லை, பதில் போகவில்லை. சிக்னல் திரும்ப வந்த கையோடு அவளுடைய போன் அடித்தது.

"பிள்ளை, பதில் வரேல்லை" என்றாள் நாகேஸ்வரி, மூச்சை அடக்கிக்கொண்டு. "என்னைக் கண்டிட்டினமோ?"

"இல்லையம்மா. ஒருத்தரும் காணேல்லை" என்றாள் வித்தியா. சொல்லிக்கொண்டே எழும்பி, தன்னுடைய வீட்டுப் படலை பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.